ஒலி வரும் வழி

சென்னை மாநகரத்தார்க்கு வானொலி நூறாண்டுப் பழக்கமுடையது. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சிலர் கூடிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு சூலைத் திங்களில் ஒலிபரப்பத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் அம்முயற்சி 1927-இல் நின்றுபோயிற்று. கழகத்தின் கருவியைப் பெற்ற மாநகராட்சி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பை மீண்டும் தொடங்கிற்று. 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றவே, அப்பணி அதன் கைக்கு மாறியது. அன்று முதல் இன்று வரை கேட்போர் வாயில் மாறாது வரும் சொல் ஒன்று உண்டு. ‘நிலையம் கிடைக்கவில்லை’ என்பதே அது.

நிலையம் கிடைக்காதபோது கருவி பழுதென்று கருதிக் கடைக்கு எடுத்துச் செல்வோர் பலர். பல வேளைகளில் குற்றம் கருவியில் இராது. ஒலிபரப்பும் நிலையம், ஒலி வரும் வழி, அதனை ஏற்கும் கருவி என்னும் மூன்றனுள் தடை எங்கே உள்ளது என்று முதலில் அறிதல் வேண்டும். இக்காலத்தில் ஒலி வரும் வழிகள் பல. வழி மாறின் தடையும் மாறும்.

நடுத்தர அலை பழைய வழி. சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை ஆவடியிலிருந்து எழுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 417 மீட்டர். இத்துணை நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் செல்லுமாதலின், இடையே வீடுகள் நிற்பது பெருந்தடையன்று. ஆயினும் தியாகராய நகரின் கடைவீதியை அடுத்த வீடுகளில் ‘கர்’ என்னும் இரைச்சல் மிகுதியாகக் கேட்கக்கூடும். எல்.இ.டி. விளக்குகளுக்கும் கைப்பேசி மின்னேற்றிகளுக்கும் உள்ளிருக்கும் மின்சுற்றுகள் அவ்விரைச்சலை எழுப்புவன. வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மற்றொன்றும் அறியத்தக்கது. இக்கருவியினுள் ஃபெரைட் எனும் கருங்கோல் ஒன்று கிடைமட்டமாக அமைந்திருக்கும். கோலின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி குன்றும். கோலின் பக்கம் நோக்கினால் ஓங்கும். மயிலாப்பூருக்கு ஆவடி வடமேற்கில் உள்ளது. கருவியை மெல்லத் திருப்பி வைத்த அளவிலேயே ஒலி தெளிந்துவிடுவதுண்டு. இதற்குக் காசு செலவில்லை.

பண்பலை 1977-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் தொடங்கியது. இதன் அலை ஏறக்குறைய 3 மீட்டர் நீளமே உடையது. ஆதலின் இஃது ஒளியைப் போல நேர்வழியில் செல்ல விழைகிறது. உயர்ந்த கட்டடங்களில் மோதித் திரும்புகிறது. நேரே வந்த அலையும் மோதி வந்த அலையும் ஒருங்கே சேருமிடத்து ஒலி சிதையும். கருவியை ஒரு முழம் நகர்த்தினால் அக்குறை தீர்வதுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004-ஆம் ஆண்டு முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அடையாற்றில் தெளிவாகக் கேட்கும் அந்நிலையம் தொலைவிலுள்ள புறநகரில் கேளாதாயின், அதனைப் பழுதெனல் ஆகாது. சமுதாய வானொலிக்கு அளிக்கப்பட்ட ஆற்றலே சிறிது.

எண்முறை வானொலியில் இரைச்சல் இல்லை. ஆனால் இடைநிலையும் இல்லை. பழைய வானொலியில் அலை நலியுந்தோறும் ஒலி மங்கிக்கொண்டே வரும்; மங்கிய ஒலியிலும் செவி பொருளை உணர்ந்துகொள்ளும். எண்முறையிலோ, அலை ஓரளவிற்குமேல் இருக்குமளவும் ஒலி பளிங்கு போல வரும். அவ்வளவிற்குக் கீழே இறங்கின் சட்டென அற்றுப்போகும். மேலும் எண்முறை ஒருவகைத்தன்று. இங்கிலாந்தில் வழங்குவது டி.ஏ.பி. என்னும் முறை, இந்திய வானொலி மேற்கொண்டது டி.ஆர்.எம். என்னும் முறை. இலண்டனிலிருந்து உறவினர் அன்போடு கொணர்ந்த டி.ஏ.பி. கருவி, தியாகராய நகரில் எத்துணை முறை தேடினும் எண்முறை நிலையம் ஒன்றையும் காட்டாது. அம்முறையில் இங்கு ஒழுங்கான ஒலிபரப்பு இல்லை. பழுது பார்ப்போரிடம் அதனைக் கொடுப்பது வீண். அதில் பண்பலைப் பகுதியும் இருக்குமாயின், அதனைக் கொண்டு உள்ளூர் நிலையங்களைக் கேட்கலாம்.

இனி, இணைய வானொலி. வானின் வழியே வருவது வானொலி; இதுவோ பெரும்பாலும் நிலத்தடியிலும் கடலடியிலும் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே வருகிறது. ஆயினும் பெயர் மாறவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர்த் தேங்காயெண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் வழங்கவில்லையா? அதுபோல்வதே இதுவும்.

நிலையத்தார் ஒலியை எண்களாக்கி இணையத்தில் ஒரு முகவரியில் வைக்கின்றனர். கேட்போரின் கருவி அம்முகவரியை நாடி, ஒலியைச் சிறுசிறு பொதிகளாகப் பெற்று, சில நொடிகளுக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்துக்கொண்டு பாடுகிறது. தெருக்குழாயில் நீர் விட்டுவிட்டு வரினும், மாடித் தொட்டியில் நீர் உள்ளவரை வீட்டுக்குழாய் வற்றாதன்றோ? அத்தகையதே இச்சேமிப்பும். இதனால் இணையத்தில் வரும் நேர அறிவிப்பு, பண்பலையில் வருவதற்குப் பல நொடிகள் பிந்தும். கடிகாரத்தைத் திருத்த விரும்புவோர் இதனை நம்பலாகாது.

மயிலாப்பூர் மாடவீதியில் வாழும் முதியவர் ஒருவர் நாள்தோறும் காலையில் இணைய வானொலி கேட்பவர் எனக் கொள்க. ஒருநாள் அது பேசவில்லை. அவர் முதலில் வேறொரு நிலையத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும். அது பாடினால், முன்னைய நிலையத்தின் முகவரி மாறியிருக்கலாம். அந்நிலையம் வெளிநாட்டார்க்குத் தன் ஒலியை அடைத்திருக்கவும் கூடும். ஒன்றும் பாடாவிடின், வீட்டிலுள்ள கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்துப் பார்க்கலாம். அதுவும் இயங்காதாயின் குற்றம் இணைப்பினது. கைப்பேசி இயங்க வானொலி மட்டும் விக்கினால், அதனை ரூட்டர் இருக்கும் அறைக்கே எடுத்துச் சென்று வைத்தல் நன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டரே. பழைய மயிலை வீடுகளின் தடித்த சுவர்கள் இரண்டைக் கடப்பதற்குள் அது நலிந்துவிடும். அடுக்குமாடி வீடுகளிலோ அண்டை வீட்டாரின் அலைகள் ஒன்றோடொன்று நெருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைநிலையில் இயங்குவதால், சோறு சூடாகும் நேரத்தில் பாட்டு அறுபடுதல் உண்டு.

கருவி நன்று, இணைப்பும் நன்று, எனினும் ஒலியில்லை. இந்நிலையும் உண்டு, இதுவே பலரை மயக்குவது. இணைய வானொலிகள் பல, நிலையங்களின் முகவரிகளைத் தாமே அறியா. ஒரு நிறுவனம் வைத்திருக்கும் அட்டவணையை ஒவ்வொரு முறையும் கேட்டறிவன அவை. அட்டவணை நின்றால் கருவியும் நின்றது. 2021-ஆம் ஆண்டில் ரெசிவா என்னும் அட்டவணைப் பணி மூடப்பட்டபோது, உலகின் பல வீடுகளில் பழுதற்ற கருவிகள் ஊமையாயின. முகவரியைக் கையால் எழுதிச் சேர்க்க இடந்தரும் கருவியாயின் பிழைக்கும். புளூடூத் உடையதாயின், கைப்பேசியின் ஒலியை வாங்கிப் பாடும் பெட்டியாகவேனும் பயன்படும். ஐம்பதாண்டுக்கு முந்திய நடுத்தர அலைக் கருவி இன்றும் பாட, பத்தாண்டுகூட நிறையாத கருவி வாய் மூடுவது முன்னேற்றத்தின் வினோதங்களுள் ஒன்று. பழைய வழியும் அழியாததன்று. சிற்றலையில் வந்த பி.பி.சி. தமிழோசை 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது. இன்று எவ்வளவு திருகினும் அது வாராது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோதும், 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் கரையேறியபோதும், சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றன. அத்தகைய நாளில் ரூட்டர் உறங்கும். இணைய வானொலி உதவாது. நிலையத்தில் மின்னாக்கி இயங்குமளவும், இரண்டு மின்கலங்களால் இயங்கும் சிறு வானொலி, ஏரி திறக்கும் செய்தியையும் புயல் கரையேறும் செய்தியையும் இருண்ட வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கும். அவ்வேளையில் எவ்வெண்ணில் எந்நிலையம் என்று தேடிக்கொண்டிருத்தல் அரிது. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு மாலையில் அமர்ந்து, வீட்டின் எம்மூலையில், கருவியை எப்பக்கம் திருப்பினால் எந்நிலையம் தெளிவாக வருகிறது என்று பார்த்து, அவ்வெண்களை ஒரு தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவைக்கலாம். மின்கலங்களை மட்டும் வெளியே எடுத்துத் தனியே வைத்தல் வேண்டும். உள்ளேயே கிடந்தால் கசிந்து கருவியை அரித்துவிடும்.