கேஏ நம்பர் ரோட்ஸ்டர், டிஎன் ரோடு: பழைய ரெண்டு சீட்டு கார் வாங்குற கணக்கு

ராயக்கோட்டையில இருந்து பேசுறேன். கூரையைத் திறந்து ஓட்டுற ரெண்டு சீட்டு கார் பழசா வாங்கலாமான்னு ஓசூர் பக்கம் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறாங்க. எல்லாரும் தேடுறது பெங்களூருலதான். அங்க ஒரு பழைய பிஎம்டபிள்யூ இசட்4, பெரிய எஸ்யூவி விலைக்கே கிடைக்குது. ஆனா அத்திப்பள்ளி தாண்டினா அந்த விலை அதே விலையா இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47 என்ன சொல்லுது? வேற மாநில வண்டியை இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மறுபதிவு செய்யணும். அதுக்குப் பழைய ஆர்டிஓ-ல படிவம் 28 போட்டு என்ஓசி வாங்கணும். ஆர்சி-ல வங்கிக் கடன் ஏறியிருந்தா, முதல்ல படிவம் 35 வச்சு அதை நீக்கணும். "கடன் முடிஞ்சிருச்சு சார், லெட்டர் அப்புறம் தர்றேன்"னு விக்கிறவர் சொன்னா அட்வான்ஸ்கூட குடுக்காதீங்க.

பெரிய அடி வரியிலதான். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயசைப் பொறுத்து சதவீதம் குறையும். ஆனா அந்த சதவீதம் நீங்க குடுத்த காசுக்கு இல்ல, வண்டி புதுசா வித்த விலைக்கு. 70 லட்சத்து காரை 25-க்கு வாங்கினாலும் கணக்கு 70-லதான் ஆரம்பிக்கும். 10 சதவீதம்னு வச்சாலே 7 லட்சம்! கர்நாடகாவுல கட்டின வரியில மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனா இங்க பதிவு முடிஞ்ச பிறகுதான். அதுவரைக்கும் ரெண்டு வரியும் உங்க பணம்தான்.

இப்போ வண்டிக்கு வருவோம். இன்ஜினை எல்லாரும் பார்க்கிறாங்க, கூரையை யாரும் பார்க்கிறதில்ல. முதல் தலைமுறை இசட்4-ல துணிக்கூரை. அதைத் தூக்குற ஹைட்ராலிக் மோட்டார், கூரை மடிஞ்சு உட்கார்ற குழிக்குள்ளயே இருக்கு. தண்ணி வெளியேறுற குழாய் இலைதழையால அடைச்சா மோட்டார் மூழ்கிடும். புளியமரத்தடியில நிறுத்துற நம்ம ஊருக்கு இது சின்ன விஷயமில்ல. வாங்கும்போது கூரையை அஞ்சாறு தடவை திறந்து மூடச் சொல்லுங்க. ஒரு குடம் தண்ணியும் ஊத்திப் பாருங்க. விக்கிறவர் முகம் மாறினாலே பதில் தெரிஞ்சிடும்.

2009-ல வந்த அடுத்த தலைமுறைக்கு அலுமினியக் கூரை. ஆனா ரன்-ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. ஊர் பஞ்சர் கடையில அந்த டயரைக் கழட்டுறதே பாடு.

நம்ம நாட்டு வண்டிதான் வேணும்னா, 1990-களின் கடைசியில கோவாவுல தயாரான சான் ஸ்டார்ம் இருக்கு. ஃபைபர் பாடி, 1149 சிசி ரெனோ இன்ஜின். பாடி துருப்பிடிக்காது, உடைஞ்சா ஃபைபர் வேலை தெரிஞ்சவரே ஒட்டிடுவார். 20 வயசு தாண்டினதால ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் மட்டுமே 10,000 ரூபாய். பழைய பெட்ரோல் ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, இப்போ பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனாலுக்கு அது தாங்காது. கண்ணாடி, கூரைத்துணி கிடைக்குதான்னு விசாரிச்சிட்டு அப்புறம் விலை பேசுங்க.