மெர்போக்கின் பழங்கற்கோயில்



கோயில் என்றவுடன் கோபுரமும் மணியோசையும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. அவை ஏதுமின்றி வெறுங்கருங்கல்லாய் நிற்கும் பழங்கோயில் ஒன்று நம் கெடா மாநிலத்திலேயே உண்டு. பாடாங் செராயிலிருந்து சுங்கை பட்டாணி வழியாக மெர்போக் சென்றால், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் அதனைக் காணலாம். அதன் பெயர் புக்கிட் பத்து பஹாட் சண்டி. மலாய் மொழியில் 'சண்டி' என்பது பழங்கோயிலைக் குறிக்கும்; நம் பேச்சில் வழங்கும் சண்டி வேறு. 'பத்து பஹாட்' என்பது உளியால் செதுக்கிய கல்லாகும்.

இக்கோயில் இங்கு எழுந்த காரணம் யாது? 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு வழிகாட்டியாய் விளங்கிற்று. வணிகர்கள் மெர்போக் ஆற்று முகத்தில் நங்கூரமிட்டு, திரும்பிச் செல்வதற்கேற்ற பருவக்காற்றை எதிர்நோக்கித் தங்கினர். தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இப்பகுதியே என்பர் அறிஞர். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது சென்றது. ஆயினும் இங்குள்ள கோயில்கள் யாவும் அவன் எழுப்பியவை எனக் கொள்ளலாகாது. கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தக் கல்வெட்டுகளும் இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ளன. வாளுக்கு முன்னரே வணிகமும் வழிபாடும் இங்கு வந்துவிட்டன.

காலப்போக்கில் காடு இக்கோயிலை மூடியது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவர்தம் துணைவியாரும் இப்பள்ளத்தாக்கில் அகழாய்வு நடத்தினர். பின்னர் அலஸ்டேர் லாம்ப் என்பார் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் இதனை மீண்டும் ஆராய்ந்து, சிதறிய கற்களைச் சேர்த்துக் கட்டுவித்தார். கோயில் ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது. இறைவன் உறையும் விமானமும் அடியார் கூடும் மண்டபமும் இதன் இரு பகுதிகளாம்.

கூரை எங்கே என்று நீங்கள் வினவலாம். தூண்களைத் தாங்கிய கல் அடித்தளங்கள் இன்றும் உள்ளன, தூண்கள் இல்லை. அவை மரத்தாலானவை, ஆதலின் கூரையோடு மட்கிப் போயின என்பது இதனால் அறியப்படும். அடித்தளத்தின் கீழே கற்பேழைகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றினுள் செப்புக் கலமும் பொற்றகடும் மணிகளும் இருந்தன. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி தொடங்குங்கால் பொன்னும் மணியும் இட்டுக் கடைக்கால் கோலுவதில்லையா? அதே வழக்கம் இங்கும் இருந்தது.

இன்று இக்கோயிலின் அருகே தொல்பொருட் காட்சியகம் அமைந்துள்ளது. பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களின் சண்டிகளும் அங்குக் கொணர்ந்து வைக்கப்பட்டுள்ளன. ஆனால் எல்லாச் சண்டிகளும் அப்பேறு பெறவில்லை. இப்பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்து பலரையும் வருத்திற்று. நூற்றாண்டுகள் பல மழையிலும் வெயிலிலும் நிலைத்த கற்கள், இயந்திரத்தின் முன் ஒரு பொழுதும் நிலைக்கவில்லை.

மாணவர்களே! கல் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. அதன் பெருமை அறிந்தவரே அதனைக் காப்பர். தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ செதுக்கிய கல்லோ பழைய செங்கல்லோ காணின், அதனைப் பெயர்த்தெடாதீர். இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். எக்கல் எங்குக் கிடந்தது என்பதும் வரலாறே. அவ்வரலாற்றைக் காப்பது நம் அனைவர்தம் கடமையாகும்.