துணை நிற்பது எப்படி? மகாத் குளக்கரையிலிருந்து சில பாடங்கள்



நினைவுச் சொற்பொழிவு மறைந்தவரைப் போற்றும் மேடை. அவர் தொடங்கிய வேலையில் என்ன மீதம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் மேடையும்கூட. அப்படி மீதமிருக்கும் வேலைகளில் ஒன்றை இன்று பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறோம். ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தில் மற்றவர்கள் துணை நிற்பது எப்படி என்பதே அது.

நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. தலித் அல்லாத மாணவர் எழுந்து, "நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்கிறார். தலித் மாணவர் எழுந்து, "இவர்கள் எதுவரை கூட வருவார்கள்?" என்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள்.

தமிழில் 'நாம்' என்ற சொல் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' கேட்பவரைத் தனியே நிறுத்தும். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் நிலத்தில் மேடையேறி 'நாம்' என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல்லுக்கு உரிமை பெற என்ன செய்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பு மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதியில் நடந்த மகாத் போராட்டத்துக்குப் போவோம். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் பொதுக்குளத்தில் தண்ணீர் குடித்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அன்று யார் யார் துணை நின்றார்கள், எப்படி நின்றார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மகாத்தில் நடந்தது

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தத் தடை கூடாது என்றது அது. போலே பண்டாரி சாதியில் பிறந்தவர். இதைத் தொடர்ந்து 1924 ஜனவரியில் மகாத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. அந்த நகராட்சியின் தலைவராக இருந்த சுரேந்திரநாத் டிப்னிஸும் தலித் அல்லாதவர்.

தீர்மானம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் தலித் மக்கள் குளத்தில் இறங்க முடியவில்லை. காகிதத்தில் உரிமை இருந்தது. கரையில் சாதி இந்துக்கள் இருந்தார்கள்.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாத்தில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. அதற்காக ஊர் ஊராக அலைந்து உழைத்தவர் ஆர்.பி. மோரே என்ற தலித் இளைஞர். மாநாட்டுக்கு வந்தவர்களின் தாகம் தீர்க்க நாற்பது ரூபாய்க்குத் தண்ணீரைச் சாதி இந்துக்களிடம் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. குளம் பக்கத்திலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டின் முடிவில் நன்றி சொல்ல எழுந்த அனந்தராவ் சித்ரே, இப்போதே எல்லோரும் குளத்துக்குப் போய் உரிமையை நிலைநாட்டுவோம் என்று முன்மொழிந்தார். அவரும் தலித் அல்லாத தோழர். அவை அதை ஏற்றது. அம்பேத்கர் முன்னே நடந்தார், முதலில் நீரை அள்ளினார். ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள்.

அடுத்து, கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் சாதி இந்துக் கும்பல் அடித்து நொறுக்கியது. சிலர் முஸ்லிம் வீடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். அதன்பின் 108 குடங்களில் நீரெடுத்துப் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு. குளத்தில் இறங்க நீதிமன்றத் தடை. பந்தல் போட இடம் தர ஆளில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தம் நிலத்தைக் கொடுத்தார். 1927 டிசம்பர் 25 அன்று அந்த இடத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிராமணராகப் பிறந்த ஜி.என். சகஸ்ரபுத்தே, வழிமொழிந்தவர் தலித் தலைவரான பி.என். ராஜ்போஜ். குளம் தனியார் சொத்து என்று சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு பத்தாண்டு நீண்டு, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தலித் மக்களின் பக்கம் தீர்ப்பானது.

இதிலிருந்து என்ன கற்கிறோம்?

முதலாவது, துணை நின்ற ஒவ்வொருவரும் தம் கையில் உண்மையாக இருந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். போலேவிடம் சட்டமன்ற இடம் இருந்தது. டிப்னிஸிடம் நகராட்சிப் பதவி இருந்தது. ஃபத்தேகானிடம் நிலம் இருந்தது. பெயர் பதிவாகாத முஸ்லிம் குடும்பங்களிடம் தாழிடக்கூடிய கதவு இருந்தது. அனுதாபம் என்று தனியாக ஒன்றை அவர்கள் தந்ததாகத் தெரியவில்லை. தம் சாதியும் வசதியும் தமக்குக் கொடுத்திருந்த ஒன்றைப் போராட்டத்தின் பயன்பாட்டுக்கு விட்டார்கள்.

இரண்டாவது, முடிவு எடுக்கும் இடம் மாறவில்லை. சித்ரே முன்மொழிந்தார், முடிவெடுத்தது தலித் மக்களின் மாநாடு. சகஸ்ரபுத்தே முன்மொழிந்தார், தலைமை அம்பேத்கரிடம் இருந்தது. தோழர் யோசனை சொல்லலாம், வாதாடலாம். அந்த யோசனையை ஏற்பதா தள்ளுவதா என்பது அடி வாங்கப்போகிறவர்களின் கையில் இருக்க வேண்டும். மார்ச் 20 அன்று அடி விழுந்தது யார்மேல் என்பதைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும்.

மூன்றாவது, பிறப்பை அம்பேத்கர் அளவுகோலாக வைக்கவில்லை. பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்களான ஜேதேயும் ஜவல்கரும், பிராமணர்களை விலக்கினால் ஆதரவு தருவதாகச் சொன்னார்கள். பெரிய ஆதரவு அது. அம்பேத்கர் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. எதிர்ப்பது பிராமணியத்தை, பிறப்பால் பிராமணரானவரை அல்ல என்பது அவர் நிலை. ஆதரவு நிபந்தனையோடு வந்தால் நிபந்தனையைப் படித்துப் பார்த்த பிறகே கைகுலுக்க வேண்டும் என்பதும் இதிலுள்ள பாடம்.

துணை போலத் தோன்றியவை

மகாத்துக்கு ஐந்தாண்டு கழித்து, புனா ஒப்பந்தத்தை அடுத்து, 1932 செப்டம்பர் இறுதியில் தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அமைப்பு உருவானது. பின்னர் ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் பெற்றது. ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் செயலாளர். அந்த நவம்பரில் அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனித ஒழுக்கம், மதுவிலக்கு, நூலகம், பள்ளி என்று சேரியைத் திருத்தும் வேலை ஒரு வழி. கிணறு, பள்ளி, பொதுவழி, வேலைவாய்ப்பு இவற்றை மறுக்கும் சாதி இந்துக்களை எதிர்கொண்டு சூழலை மாற்றும் வேலை இன்னொரு வழி. இரண்டாவது வழியை எடுங்கள், மோதல் வந்தாலும் தாங்குங்கள் என்பதே கடிதத்தின் சாரம். அதற்குப் பதிலே வரவில்லை என்று 1945இல் வெளிவந்த நூலில் அம்பேத்கர் பதிவு செய்கிறார். தீண்டாமைக்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டியவர்கள் சாதி இந்துக்கள், ஆகவே நிர்வாகமும் அவர்களிடமே இருக்கும் என்ற வாதத்தையும் அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார். பணம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், நல்லெண்ணமும் பலரிடம் இருந்தது. யாருக்காக அமைப்போ அவர்களிடம் முடிவு இல்லை.

1936இல் இன்னொன்று நடந்தது. லாகூரில் இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. பெயரே சாதியை உடைக்கும் சங்கம். உரை அச்சாகி வந்ததும், வேதங்களைப் பற்றிய பகுதியை நீக்கும்படி கேட்டார்கள். அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அதே உரையை அவர் தம் செலவில் நூலாக வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதன் தமிழாக்கம் பெரியாரின் 'குடி அரசு' வழியே நம் மண்ணுக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. லாகூரில் அழைத்தவர்கள் சாதியை வெறுத்தவர்கள்தாம். தலித் ஒருவர் தம் சொற்களில் பேசுவதைத் தாங்க முடியாத இடத்தில் அவர்களுடைய துணை நின்றுபோனது.

ஒருவரை நம் மேடைக்கு அழைப்பதும் அவர் பேச வந்ததைப் பேசவிடுவதும் வேறு வேறு. இன்றும் கல்லூரி விழாக்களிலும் இலக்கிய அரங்குகளிலும் "இதை மட்டும் தவிர்த்துவிடுங்களேன்" என்ற மென்மையான குரலைக் கேட்கிறோம்.

இங்கே, இப்போது

தமிழ்நாட்டில் வேலைக்குக் குறைவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டில் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணிவதைத் தடுக்கவும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது.

தலித் அல்லாத மாணவத் தோழர்கள் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சேரிக்கு வந்து டியூஷன் எடுப்பது நல்லது, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கயிறு கட்டிவிடுவது ஊர்த்தெருவில், உங்கள் மாமா, சித்தப்பா வீட்டுத் திண்ணையில். அங்கே எங்களால் வந்து பேச முடியாது, உங்களால் முடியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் சாதிப் பெருமைக்கு மறுப்பு எழுதுவது, காதலித்து மணந்தவர்களைப் பிரிக்கும் பேச்சுக்கு வீட்டிலேயே எதிர்த்து நிற்பது, இவையெல்லாம் கூட்டத்தில் கைதட்டு வாங்காத வேலைகள். உறவு முறியும், சொத்துப் பேச்சு வரும். அந்த விலையைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு வேலை சாட்சி சொல்வது. வன்கொடுமை வழக்குகள் பல, பார்த்தவர்கள் பிறழ் சாட்சியாவதால் சரிகின்றன. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் பயணச் செலவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. பார்த்ததைப் பார்த்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்லும் ஒரு தலித் அல்லாத சாட்சி, நூறு கண்டன அறிக்கைகளைவிட வலுவானவர்.

அதே சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் மாவட்டந்தோறும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கின்றன. அதிகாரிகள் தவிர, பட்டியல் சாதி, பழங்குடியினரில் ஐந்து பேர் வரையும், தொண்டு நிறுவனங்களோடு தொடர்புடைய மற்றவர்களில் மூன்று பேர் வரையும் அதில் இடம்பெறலாம். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஐந்துக்கு மூன்று என்ற அந்த அமைப்பைக் கவனியுங்கள். தோழர்களுக்கு இடம் உண்டு, பெரும்பான்மை பாதிக்கப்பட்டோருடையது. உங்கள் மாவட்டத்தில் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது ஒரு மாணவர் நாளையே செய்யக்கூடிய காரியம்.

பெயரும் ஒரு சொத்து என்பதை மறக்க வேண்டாம். 1939 ஜூலை 8 மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவை வைத்தியநாத ஐயர் பெயரோடு சொல்கிறோம். அவர் ஏற்ற எதிர்ப்பு சிறிதன்று. அவரோடு உள்ளே காலெடுத்து வைத்த தலித் தோழர்களில் கக்கன் பெயரை மட்டும் அறிவோம், அதுவும் அவர் அமைச்சரானதால். மகாத்தின் மோரேயும் இப்படித்தான் மங்கிப்போனார். துணை நிற்பவர் வரலாறு எழுதும்போதும் ஓரமாக நின்றுகொள்ளத் தெரிய வேண்டும்.

நம் பக்கம் திரும்பும் கேள்வி

இதுவரை சொன்ன அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் மேல் கீழ் உண்டு. அருந்ததியருக்கு 2009இல் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது பட்டியல் சாதிகளுக்குள்ளிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. மலக்குழியில் இறங்கும் கைகள் யாருடையவை என்பதை அறிந்த நாம், அந்தக் கைகள் கேட்கும் பங்கை எப்படி எதிர்கொள்கிறோம்? தலித் இயக்கத்துக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தைப் ப. சிவகாமி 1989இலேயே 'பழையன கழிதலும்' நாவலில் எழுதினார். நம் அமைப்புகளின் நிர்வாகப் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், திருநங்கையர், திருநம்பியர் எத்தனை பேர், அவர்கள் சொன்னதால் மாறிய முடிவு எது? இந்தக் கேள்விகளுக்குப் பெயரோடும் தேதியோடும் பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே மற்றவர்களிடம் கேட்கும் தகுதி நமக்கு வலுப்படும்.

ஆகவே தோழர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த அரங்கை விட்டுப் போகுமுன் ஒவ்வொருவரும் தம் கையில் இருப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதவியா, வீடா, வாகனமா, சட்டப் படிப்பா, ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமையா? அது யாருக்குப் பயன்படும் என்று நீங்களே தீர்மானித்துவிடாமல், அடுத்த தெருவில் தேவையோடு இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு, கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.