எந்த கிளப்புக்கு விளையாடின நீங்க?

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று மைதானங்களில் வெயில் தணிந்ததும் மென்பந்து கிரிக்கெட்தான் பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச மூலையில் உதைபந்து. அங்கே விசிலோடு நிற்பவர் அநேகமாக அந்தக் கழகத்தின் பழைய ஆட்டக்காரராக இருப்பார். முழங்கால் போன பிறகு கோச் ஆனவர். பெரிதாக ஆடிப் பழக்கமில்லாத ஒருவர், ஓர் இளம் ஆசிரியர் என்று வையுங்கள், அந்த விசிலைக் கேட்டால் வேலியோரத்தில் இருந்து ஒரு கேள்வி வரும்: “நீங்க எந்த கிளப்புக்கு விளையாடின நீங்க?” பதில் இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியை 1994 ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவின் பசடீனா மைதானத்தில் கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் பதில் கிடைத்திருக்காது. அன்று உலகக்கிண்ண இறுதியாட்டம். பிரேசிலின் பயிற்றுவிப்பாளர் கார்லோஸ் அல்பெர்டோ பரெய்ரா உடற்கல்வி படித்தவர். தொழில்முறையாக ஒரு நாளும் ஆடாதவர். இத்தாலியின் அரிகோ சாக்கி, தகப்பனாரின் சப்பாத்து வியாபாரத்தில் விற்பனையாளராக அலைந்தவர். அவரும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். 120 நிமிடமும் கோல் விழவில்லை. பெனால்டியில் பிரேசில் வென்றது.

நமக்கு இவர்களைவிடக் கிட்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சையத் அப்துல் ரஹீம். பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர்க் கழகத்திலும் ஆடியிருக்கிறார், நாட்டுக்காக ஆடியவர் அல்லர். 1950 முதல் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணி அவர் கையில் இருந்தது. 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணம் அந்த அணிக்கே. அவர் பயிற்றுவித்த இந்திய அணிக்கு 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி விழுந்தது. இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. நாலு வருடம் கழித்து மெல்போர்னில் அதே இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய், நாலாம் இடத்தோடு திரும்பியது.

அவர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். பலவீனமான காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது, அடுத்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இன்னொரு போட்டி. இதற்கு ஆட்ட வீரனின் கால் வேண்டியதில்லை, வாத்தியாரின் மூளை போதும். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பழக்குவதற்கு ஒரு விளையாட்டைக் கட்டிக் கொடுக்கிறார். வகுப்பறையில் ஒரு நல்ல கணித ஆசிரியர் செய்வதும் இதுதான்.

1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தபோது அவரைப் புற்றுநோய் பிடித்திருந்தது. பின்வரிசைக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது, மற்றது அந்த ஜர்னைல் அடித்தது. அடுத்த வருடம் ஜூனில் ரஹீம் மௌத்தானார்.

இனி சாக்கியிடம் திரும்புவோம். ஆடாதவருக்கு மரியாதை எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விக்கு அவர் கதையில்தான் விடை இருக்கிறது. சின்னக் கழகமொன்றில் தொடங்கியபோது அவருக்கு 26 வயது, கோல் காப்பாளருக்கு 39. பிறகு 1987இல் மிலான் கழகம் அவரைக் கூப்பிட்டது. குலிட், வான் பாஸ்டன் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்களிடம் போய் ‘ஒழுங்கமைப்பு’ என்று பேசினால் யார் கேட்பார்? ஆகவே பேசாமல் ஒரு பந்தயம் வைத்தார். கோல் காப்பாளர் கலியும் மல்தினி, பரேசி உட்பட நாலு பின்வரிசைக்காரரும் ஒரு பக்கம். மற்றப் பக்கம் குலிட்டும் வான் பாஸ்டனும் சேர்ந்த பத்துப் பேர். கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் அடியுங்கள் என்றார். ஒரு தடவையும் அடிக்க முடியவில்லை என்று சாக்கி பின்னாளில் சொன்னார். 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கிண்ணம் மிலானுக்கு வந்தது.

ஆடியவருக்கு ஒரு கஷ்டம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. அவருடைய கால் தானாகவே செய்து பழகியதை வாயால் சொல்லத் தெரியாது. “இப்பிடி அடிடா, பார்த்தியா?” என்பார். பையன் பார்ப்பான், ஆனால் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், ஊன்றிய கால் பந்துக்கு எவ்வளவு கிட்ட இருக்க வேண்டும் என்பது அவனுக்கு விளங்காது. ஆடாதவர் இதையெல்லாம் பார்த்து, பிரித்து, படித்தே ஆக வேண்டியிருப்பதால் சொல்லவும் தெரிந்துகொள்கிறார்.

அதற்காக ஆடாமல் இருப்பது ஒரு தகுதி என்று சொல்ல வரவில்லை. எண்பதாவது நிமிடத்தில் கால் எப்படிக் கனக்கும், எதிராளியின் தோள் இடிக்கும்போது பயம் எங்கிருந்து வரும் என்பது புத்தகத்தில் கிடைக்காது. அந்த இடத்தில் முழங்கால் போன அந்தப் பழைய ஆட்டக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்தி. செய்துகாட்ட முடியாததை அணியில் நன்றாக ஆடும் பையனைக் கொண்டு செய்துகாட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, ரஹீமும் சாக்கியும் குறைவாக ஆடியவர்கள், பந்தையே தொடாதவர்கள் அல்லர். வயது எதுவானாலும் வாரத்தில் ஒரு மாலை ஊர்ப் பையன்களோடு இறங்கி ஆடுங்கள்.

தொடங்க நினைப்பவர் பெரிய அணியைக் கேட்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் போதும். அவர்களை நாலுக்கு நாலாகப் பிரித்துச் சின்ன இடத்தில் ஆட விட்டாலே ஒவ்வொருவர் காலிலும் பந்து பல தடவை படும். பெரிய மைதானத்தில் இரண்டு பேர் ஆட மற்றவர்கள் நின்று பார்ப்பதுதான் நடக்கும். ஆட்டச் சட்டங்கள் பதினேழுதான். அவற்றைப் படித்து ஒரு பருவம் நடுவராக ஓடிப் பாருங்கள், ஓஃப்சைட் பற்றி வேலியோரத்தில் இருந்து வரும் சத்தம் குறையும். ஃபோனில் ஆட்டத்தைப் படம் எடுத்து இரவில் திரும்பப் பார்க்கலாம். சான்றிதழுக்கு ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ஏணி இருக்கிறது: டி, சி, பி, ஏ, கடைசியில் புரோ. இலங்கையில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வழியாகத்தான் அதில் ஏற வேண்டும்.

அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் இருந்து இளம் ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கழக ஜேர்சி போடாதவர்கள். ஆனால் பிள்ளைகளை நிறுத்தி வைத்து ஒன்றைப் பழக்கத் தெரிந்தவர்கள். அதிபர்மாருக்கும் கழகத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படி ஒருவர் வந்து சின்னப் பிள்ளைகளின் அணியைக் கேட்டால் ஒரு பருவத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். சம்மேளனத்துக்கும் ஒன்று: ஆரம்பச் சான்றிதழ் வகுப்புகளை இந்தக் கிழக்குக் கரையிலேயே, தமிழில் நடத்துங்கள். கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, லீவு போட்டு, கைக்காசு செலவழித்துப் படிக்க எல்லா ஆசிரியராலும் முடியாது.