வழிகாட்டி நூல்களும் வீட்டுக் கல்வியும்: புத்தளம் கரையோரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலங்கையின் கல்வி வரலாற்றில் 1945ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே உரித்தாயிருந்த வாய்ப்பை ஏழையின் பிள்ளைக்கும் திறந்துவிட்டது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாயின. ஆயினும் இன்று பாடநூலுக்கும் பிள்ளைக்கும் இடையே விலை கொடுத்து வாங்கவேண்டிய மற்றொரு நூல் வந்து அமர்ந்துள்ளது. வழிகாட்டி நூல், மாதிரி வினாத்தாள் தொகுப்பு, செயலட்டைக் கட்டு எனப் பல பெயர்களில் அது வழங்குகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எதிர்நோக்கும் பிள்ளையின் பெற்றோர், இதனை வாங்கிக் கொடுப்பதையே தமது கல்விக் கடமையாகக் கருதும் நிலை உருவாகியுள்ளது. இந்நூல்கள் வீட்டில் நிகழும் கற்றலுக்கு உண்மையில் துணைபுரிகின்றனவா? எத்தகைய வீட்டில், எந்நிபந்தனைகளின் கீழ்? இவ்வினாக்களைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் வாழ்நிலையோடு பொருத்தி ஆராய்வதே எமது நோக்கம்.

கற்பிட்டிக் குடாநாடு, புத்தளம் களப்பு, முந்தல், உடப்பு, சிலாபம் என நீளும் இக்கரையோரம் தமிழ்க் கல்வி மரபுக்குப் புதியதன்று. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது கற்பிட்டியிலேயே. கற்பிட்டி, புத்தளம் பகுதிகளின் முஸ்லிம்களும், உடப்பு, முன்னேசுவரம் முதலிய ஊர்களின் இந்துக்களும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் இங்கேயே தஞ்சம் புகுந்தனர். ஏற்கனவே வளங்குன்றியிருந்த பாடசாலைகள் அவர்களுடைய பிள்ளைகளின் கல்விச் சுமையையும் ஏற்றன. மீன்பிடி, கருவாடு பதனிடல், உப்பளம், இறால் பண்ணை, மிளகாய் வெங்காயச் செய்கை, தென்னை ஆகியனவே பெரும்பாலான குடும்பங்களின் வாழ்வாதாரம்.

வழிகாட்டி நூல் ஒவ்வொன்றும் தன்னைப் பயன்படுத்தும் வீட்டைப் பற்றிய ஓர் எடுகோளைக் கொண்டுள்ளது. மாலையில் ஓய்வுடைய, பாடசாலைக் கல்வி பெற்ற மூத்தவர் ஒருவர் பிள்ளையின் அருகில் இருப்பார் என்பதே அது. இக்கரையோரத்தில் இவ்வெடுகோள் பொருந்தும் வீடுகள் எத்தனை? தந்தை இரவில் கடலில் இருப்பார். தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியடித்துத் தொழில் செய்வோரும் உளர். தாய் கருவாட்டுப் பரணிலோ வெங்காயத் தோட்டத்திலோ உழைத்துக் களைத்திருப்பார், அல்லது மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பார். அவ்வேளையில் பிள்ளைக்குத் துணை உம்மம்மாவோ அம்மம்மாவோதான். அந்த முதியவள் கல்லாதவள் என்று கூறிவிடுவதும் தவறு. தமிழை அரபெழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு, முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தே சமய நூல்களைக் கற்க நெடுங்காலம் உதவியது. குர்ஆனைச் சரளமாக ஓதும் பாட்டிக்குத் தமிழெழுத்து மட்டும் அந்நியமாயிருப்பது அவளது குறையன்று. அவள் காலத்துச் சமூகம் அவளுக்கு எதனைக் கொடுத்தது, எதனை மறுத்தது என்பதன் விளைவாகும்.

இத்தகைய வீட்டினுள் நுழையும் வழிகாட்டி நூல் என்ன செய்கின்றது? வினாவையும் விடையையும் அடுத்தடுத்துத் தருகின்றது. இடையிலுள்ள சிந்தனை வழியை விளக்க ஆளில்லை. பிள்ளை விடையை மனனஞ் செய்கின்றது. படித்த பெற்றோரின் வீட்டிலோ அதே நூல் உரையாடலுக்குக் காரணமாகின்றது, “இது ஏன் இவ்வாறு?” என்று கேட்க அங்கு ஒருவர் உளர். ஆகவே ஒரே விலைக்கு வாங்கப்பட்ட ஒரே நூல் இரு வர்க்கத்துப் பிள்ளைகளுக்கும் இரு வேறு பயனைத் தருகின்றது. சமத்துவத்துக்கு வழியெனக் கருதப்படும் நூல் ஏற்றத்தாழ்வை ஆழமாக்கவும் கூடும். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுச் செயலட்டைகள் கைபேசி வழியே வந்தபோது இவ்வேறுபாடு கண்கூடாயிற்று. ஒரே கைபேசி தந்தையுடன் தொழிலுக்குச் சென்றுவிடும் வீட்டுக்குச் செயலட்டையே வந்து சேரவில்லை. வந்த வீட்டிலும் அதனை விளக்குவார் வேண்டியிருந்தது.

வீட்டின் மொழியும் இங்கு கருதத்தக்கது. இக்கரையோரத்தின் தென்பகுதியில், சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு நோக்கி அமைந்த கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் ஒருகாலத்தில் தமிழே வீட்டுமொழியாக வழங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அங்குப் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாக மாறியது. பிள்ளையின் புத்தகத்தைத் தாயால் தொடரமுடியாதாயிற்று. காலப்போக்கில் தாயின் மொழியே வீட்டிலிருந்து மெல்ல விலகியது. இம்மாற்றத்துக்கு அரசியல், சமயக் காரணங்கள் பல உள. சிங்களம் கற்றதில் தீங்கேதுமில்லை. புத்தகமும் வீடும் ஒன்றோடொன்று பேசமுடியாமற் போனதே இழப்பு. அதே மாவட்டத்தின் உடப்பில் பாடசாலையும் வீடும் தமிழிலேயே தொடர்ந்தமையால் அவ்விழப்பு நேரவில்லை. எனினும், தாயின் பேச்சிலிருந்து வெகுதூரம் விலகிய செயற்கையான தமிழில் வழிகாட்டி நூல் எழுதப்படின், ஒரே மொழிக்குள்ளும் அதே பிளவு தோன்றும் என்பதை நாம் மறத்தலாகாது.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி (1896–1934), பிள்ளை தனித்துச் செய்யக்கூடியதற்கும் தன்னிலும் தேர்ந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பிலேயே கற்றல் நிகழ்கின்றது என்றார். எழுத்தறியாத் தாய் எவ்வாறு தேர்ந்தவராவார் என்ற ஐயம் எழலாம். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெரு வியாபாரஞ் செய்த ஐந்து சிறுவரைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 1985இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. சந்தையில் கேட்கப்பட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடையளித்த அவர்கள், அவையே வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது 37 சதவீதத்துக்கே சரியான விடையளித்தனர். ஒன்று 35 குருசெய்ரோவாகப் பத்துத் தேங்காயின் விலையைக் கேட்டபோது, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105 எனத் தொடங்கி, மும்மூன்றாகக் கூட்டி 315ஐ அடைந்து, பத்தாவதன் விலையையும் சேர்த்து 350 என்றான். தென்னையும் சந்தையும் நிறைந்த எமது கரையோரத்துக்கு இச்சான்று அந்நியமானதன்று.

கரைவலையில் பட்ட மீனை விற்ற பணத்தில் செலவு கழித்து, சம்மாட்டிக்கும் வலை இழுத்தோர்க்கும் பங்கு பிரிப்பது விகிதக் கணக்கே. பச்சை மீன் காய்ந்து கருவாடாகும்போது குறையும் நிறை சதவீதக் கணக்கே. உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலில் உப்பு விளைவிப்பது ஆவியாதல், பளிங்காதல் பற்றிய விஞ்ஞான பாடமே. இவ்வறிவில் தாயும் பாட்டியும் தேர்ந்தவர்கள். பரீட்சைத் தாளின் மொழி மட்டுமே அவர்களுக்குப் புதிது.

ஆகவே நாம் வேண்டும் வழிகாட்டி நூல் வேறானது. பிள்ளைக்குரிய பக்கத்தோடு வீட்டிலுள்ள மூத்தவர்க்குரிய பக்கமும் அதில் இடம்பெற வேண்டும். அதனைப் பிள்ளையே வாசித்துக் காட்டும். பாட்டி செய்யவேண்டுவதெல்லாம், “எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்கு விளங்கச் சொல்லு” என்று கேட்பதே. பிறர்க்கு விளக்க முயலும் பிள்ளை தன் தவற்றைத் தானே காணும். வினாக்கள் ஊரின் தொழிலிலிருந்து தொடங்கிப் பாடநூலின் பொது விதிக்குச் செல்லவேண்டும். ஊரறிவிலேயே தேங்கிவிடின், ஏழைப் பிள்ளைக்குக் குறைந்த கல்வியை வேறு பெயரில் கொடுத்ததாகும். விடைகள் இறுதியில், வழிமுறையுடன் தரப்படவேண்டும். இந்நூல்களைக் கரையோரப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஊர்மக்களோடு கலந்து ஆக்கவேண்டும். அவை பொது நூலகங்கள், பாடசாலைகள் வாயிலாக இலவசமாகக் கிடைக்கவும் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

பாடசாலைக் கட்டணத்தை நீக்கியதோடு இலவசக் கல்வியின் பணி முடிந்துவிடவில்லை. கடலுக்குச் சென்ற தந்தையின் வீட்டில், விளக்கடியில் அமர்ந்திருக்கும் பிள்ளை கேட்கும் வினாவுக்கு அருகிலிருப்பவர் அஞ்சாது முகங்கொடுக்கும் நாளிலேயே அது முழுமை பெறும்.