அரிக்கமேட்டு ஓடுகள் உரைக்கும் சான்று

பழங்காலத்தார் விட்டுச்சென்ற பொருள்களுள் மட்பாண்ட ஓட்டினும் எளியது பிறிதொன்றில்லை. பொன்னை உருக்கி வேறு அணி செய்வர். இரும்பைத் துரு தின்னும். ஓலையைச் செல் அரிக்கும். சுட்ட மண்ணோ மீண்டும் களிமண் ஆவதில்லை. உடைந்த ஓட்டினால் எவர்க்கும் பயனின்மையின் அதனை எடுத்துச் செல்வாரும் இலர். இவ்வோட்டிலுள்ள மண்ணையும், அது வெந்த நெருப்பின் தன்மையையும் விஞ்ஞானிகள் எவ்வாறு அறிகின்றனர் என்பதனை, அரிக்கமேட்டிற் கிடைத்த ஒருவகைத் தட்டினைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ளது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அவ்விடத்தை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்துச் செங்கலங்களும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது முதலியன கொணர்ந்த இருகைச் சாடிகளும் அங்கு வெளிப்பட்டன. அவற்றோடு மெல்லிய, வழுவழுப்பான, கருஞ்சாம்பல் நிறத் தட்டுக்களும் கிடைத்தன. இத்தட்டுக்களின் உட்புறத்தே நுண்ணிய குறிகள் வட்ட வட்டமாய் அமைந்துள்ளன. சிறு பற்சக்கரத்தை உருட்டிப் பதித்தாற்போல் அவை தோன்றுதலின், இவற்றிற்கு 'ரௌலெட்டட்' பாண்டம் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இவ்வேலைப்பாடு இந்நாட்டிற்கு உரியதன்று, மேலைநாட்டினின்று வந்ததே என வீலர் கருதினார். ஆதலின் இவ்வகை ஓடு கிடைத்த பிற இடங்களுக்கும் ரோம வாணிகத்தைக் கொண்டே காலம் கணிக்கப்பட்டது. 1947இல் அகழப்பெற்ற கன்னட நாட்டுப் பிரமகிரி அவற்றுள் ஒன்று. எனவே, தட்டின் பிறப்பிடத்தையும் காலத்தையும் தவறாகக் கொள்ளின், பல ஊர்களின் சரித்திரமும் தவறுபடும். 1980களில் விமலா பெக்லி என்னும் அறிஞர், அரெஸ்ஸோக் கலங்கள் வருமுன்னரே இத்தட்டுக்கள் இங்கு வழங்கின என்று வாதித்தார். வடிவத்தை மாத்திரம் நோக்கி இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது. ஏனெனில் வடிவத்தை எந்நாட்டாரும் பார்த்துச் செய்யலாம். மண்ணையோ அவரவர் நிலமே தருகின்றது.

களிமண் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. பாறைகள் சிதைந்து பொடியாகி, நீரினால் அடித்துக்கொண்டு வரப்பட்டுப் படிவதே களிமண். ஆதலின் ஒவ்வோர் ஆற்றின் களியிலும் அவ்வாறு கடந்துவந்த நிலத்தின் தாதுப்பொருள்கள் கலந்திருக்கும். குயவர் அதனை அரித்துப் பிசைந்தாலும் இவ்வடையாளம் முற்றும் மறைவதில்லை.

இனி, நெருப்பின் தொழிலைக் காண்போம். களிமண்ணை ஏறத்தாழ 500 முதல் 600 பாகை சென்டிகிரேட் வரை சுடும்போது, அதன் அமைப்பினுள் பிணைந்திருந்த நீரும் நீங்குகின்றது. அதன்பின் அது நீரிற் கரையாது. நிறமோ பெரும்பாலும் மண்ணிலுள்ள இரும்பையும் சூளையிலுள்ள காற்றையும் பொறுத்தது. பிராணவாயு தாராளமாய்ப் புகுமாயின் இரும்பு செந்நிறம் அடையும். காற்றை அடைத்துப் புகை சூழச் செய்யின் அதே மண் சாம்பல் நிறமோ கருநிறமோ பெறும். நாம் கூறிய தட்டுக்கள் காற்றைக் குறைத்துச் சுடப்பட்டவை. இவ்வாறு சூளையை அடக்கியாளுதல் தேர்ந்த கைவினைஞர்க்கே இயலும்.

மண்ணையும் வெப்பத்தையும் அறிதற்குப் பல முறைகள் உள. ஓட்டினை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாகத் தேய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், அதிலுள்ள மணல்துகள்கள் இன்ன பாறையைச் சேர்ந்தவை என்பது விளங்கும். எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் தாதுக்களின் படிக அமைப்பு புலனாகும். நியூட்ரான்களால் தாக்கிப் பிறக்கும் கதிர்களை அளந்தால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உள்ள மூலகங்களையும் கணக்கிடலாம். ஓட்டின் ஒரு துண்டை மீண்டும் சிறிது சிறிதாகச் சூடேற்றினால், முதலிற் சுட்ட வெப்பத்தைக் கடந்த பின்னரே அதில் புதிய மாறுதல் தோன்றும். அதனால் பழைய சூளையின் வெப்பத்தை மதிப்பிடலாம்.

இம்முறைகளால் கிடைத்த விடை வியப்பிற்குரியது. எக்ஸ் கதிர் ஆராய்ச்சி செய்த விசுவாஸ் கோக்தே, இத்தட்டுக்களின் மண் வங்கநாட்டுச் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியின் மண்ணை ஒத்தது என 1997இல் வெளியிட்டார். அனுராதபுரத்திலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த ஓடுகளின் இரசாயன அமைப்பை ஒப்பிட்டவர்கள், அவை ஒரே மூலத்து மண்ணால் ஆனவை என 2005இல் எழுதினர். அம்மூலம் எவ்விடத்தது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. எனினும், இவை இத்தாலியிலிருந்து வந்தவை அல்ல, இந்தியக் குயவர் வனைந்தவை என்பது வலுப்பெற்றுவிட்டது. பாலித்தீவின் செம்பிரான் வரையில் இத்தட்டுக்கள் சென்றிருப்பது, கீழைக்கடலில் நம் நாட்டு வாணிகம் பரவியிருந்த பான்மையைக் காட்டும்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சிறந்த கைத்தொழில் யாவும் மேலைநாட்டிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை இம்மண் மறுத்தது. அரிக்கமேட்டிற் கிடைத்தவை யாவும் அரிக்கமேட்டிலேயே பிறந்தவை என்னும் ஊர்ப்பற்றையும் அஃது எளிதில் ஏற்கவில்லை. உண்மையை நாடுவோர் தம் விருப்பம் எதுவாயினும் சான்றின் வழியே செல்லுதல் வேண்டும்.

மாணவ நண்பர்கள் பழைய மேடுகளுக்குச் செல்ல நேரின், அங்குக் கிடக்கும் ஓடுகளை நினைவுப்பொருளாகக் கொண்டுவராதிருப்பாராக. கிடந்த இடமும் அடுக்கும் அறியப்படாத ஓடு, தன் வரலாற்றிற் பாதியை இழந்துவிடுகின்றது; அதனை எத்துணைச் சிறந்த கருவியும் மீட்டுத் தர இயலாது.