விளக்கு மலையேறும் வரை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் போனால் சிறுவாச்சூர். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே இறங்கி மதுரகாளியம்மன் கோயிலை நோக்கி நடந்தால், மணிச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் காதில் விழும். தொம், தொம் என்று உலக்கை விழுகிற சத்தம். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தச் சத்தம் அடங்கி எத்தனையோ வருஷமாகிறது. உரல்கள் தொழுவத்து மூலையில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. இந்தக் கோயிலில் மட்டும் உலக்கை ஓயவில்லை.

மாவிளக்குப் போடுவதுதான் இங்கே பெரிய நேர்த்திக்கடன். கோயிலுக்கு வந்து, பச்சரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, துணியில் பரப்பி, ஈரம் பாதி போனதும் உரலில் போட்டு இடித்து, சலித்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் சேர்த்துப் பிசைகிறார்கள். உருண்டை பிடித்து நடுவில் விரலால் குழி செய்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுகிறார்கள். கடையில் மாவு வாங்கி அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பலாம். ஆனாலும் வெளியூர்களிலிருந்து குலதெய்வம் கும்பிட வருகிற குடும்பங்கள், வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து, உரலைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன.

போனமுறை நான் போயிருந்தபோது, உலக்கையைப் பிடித்தே பழக்கமில்லாத ஒரு பெண் மூச்சு வாங்க இடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்து உரலில் இருந்த வயதான அம்மா சொன்னார்: “பாப்பா, நீ எதுக்கு அமுக்கி அமுக்கிக் குத்துற? தூக்கிவிடு போதும். உலக்கை தன்னால விழும்.” அந்தப் பெண் அப்படியே செய்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மாமியாரோ அத்தையோ, எதிரே இருந்தவரும் ஓர் உலக்கையை எடுத்துக்கொள்ள, இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். சன்னதிக்குள் இன்னும் திரை விலகவில்லை. எனக்கோ அப்போதே சாமி கும்பிட்டுவிட்டது போல இருந்தது.

இந்தக் கோயிலின் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். திருவிழா, விசேஷ நாட்கள் தனி. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். இங்கே முதலில் குடியிருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் அவளை வசப்படுத்தி ஆட்டிவைத்தான். ஓர் இரவு தங்க இடம் கேட்டு வந்த காளி, அவள் படும் பாட்டைக் கேட்டு அவனை வதம் செய்தாள். செல்லியம்மன் தன் இடத்தை வந்தவளுக்கே கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். மதுரகாளி வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் இருப்பாள், மற்ற நாட்களில் மலையில் இருப்பாள் என்பது நம்பிக்கை. இடம் கொடுத்தவளை மறக்காமல், மலை இருக்கும் திசைக்குத் தீபம் காட்டிவிட்டுத்தான் இவளுக்குக் காட்டுகிறார்கள்.

மீதி ஐந்து நாள் எதற்கு என்று சின்ன வயதில் என் அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். “அஞ்சு நாளும் நம்ம வேலைய நாம பாக்கணுமில்ல” என்றாள். அவளுக்குக் கோயிலும் வேலையும் வேறு வேறு இல்லை. கொளக்காநத்தம் பக்கத்துக் கரிசல் காடு அவளுடையது. வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், பிற்பாடு மக்காச்சோளம். கிணற்றில் தண்ணீர் இருந்த வருஷம் சின்ன வெங்காயம். குனிந்து குனிந்து விதை வெங்காயத்தை ஊன்றி முடித்து நிமிரும்போது இடுப்பு ஒடிந்துவிடும். அப்போதும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வரப்பேறுவாள். அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு, விலை ஏறுமா என்று மாதக்கணக்கில் காத்திருக்கிற வாழ்க்கை. பெரிய சந்தோஷத்துக்கு நாள் குறிக்க முடியாத மண் இது. அதனால்தானோ என்னவோ, இங்கே உள்ளவர்கள் சின்னச் சந்தோஷங்களை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கரிசல் காட்டுக்குப் பக்கத்தில்தான் காரை ஓடைகள். ஆடு மேய்க்கப் போன இடத்தில் நாங்கள் பொறுக்கிவந்த, சுருட்டி வைத்த ஆட்டுக்கொம்பு போன்ற கல் ஒன்றை, அப்பாயி கழுவித் துடைத்து மாடப்பிறையில் அகல் பக்கத்தில் வைத்தாள். “இவ்வளவு அழகா யாரு செஞ்சது?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடமெல்லாம் கடலாக இருந்தது, அந்தக் கல் அந்தக் கடலில் நீந்திய உயிரின் எச்சம் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு உலகுக்குச் சொன்னார். படித்த பிறகும் அந்தக் கல்லைப் பிறையை விட்டு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே இருக்கிறது.

அரியலூருக்குக் கிழக்கே கல்லங்குறிச்சி. அங்கே சாமிக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் சங்கு சக்கரத்தோடு நிற்கும் உருவம் கிடையாது. கருவறையில் நிற்பது ஒரு கல்தூண். அதன் கீழே அனுமன். ‘கம்பப் பெருமாள்’ என்பார்கள். இங்கே சொல்லப்படும் கதையிலும் அரசன் இல்லை, முனிவர் இல்லை. ஒரு விவசாயியின் சினைப்பசு காணாமல் போகிறது. தேடி அலைந்தவர், காட்டுக்குள் ஒரு கல்தூண் சாய்ந்து கிடப்பதையும், கன்று ஈன்ற பசு அதன் மேல் பால் சொரிந்து நிற்பதையும் பார்க்கிறார். பசு கிடைத்த சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அப்புறம்தான் கனவு வருகிறது. தூணை எடுத்து நிறுத்துகிறார்கள்.

தொலைந்த மாடு திரும்பக் கிடைத்த நிம்மதி, மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிம்மதியின் மேல் எழுந்த கோயில் இது. ஆகவே இங்கே வருகிற காணிக்கையும் களத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வருகிறது. நெல், சோளம், கடலை, மிளகாய், என்ன விளைந்ததோ அதில் முதல் பங்கு. கன்றுக்குட்டியை மஞ்சள் தெளித்து ஓட்டி வருகிறவர்கள் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமையில், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து அரை மூட்டைத் தானியத்தைத் தூக்கி வந்த ஒருவர், கொட்டிவிட்டுக் கையைத் தட்டி உதறியதைப் பார்த்தேன். வாங்கின கடனை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் நடை அவருக்கு.

செட்டிகுளத்து மலையில் முருகன் கரும்பேந்தி நிற்கிறான். பிள்ளை வரம் கிடைத்தவர்கள் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைக் கிடத்தித் தூக்கி வருகிறார்கள். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் முன்னால், எந்த மதமென்று கேட்க ஆளில்லாமல், மெழுகுவத்தி ஏற்றுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகம் பாடினார் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டில் ரமலான் மாலையில் நோன்புக் கஞ்சியின் மணம் தெருவுக்கு வந்துவிடும். தூக்குவாளியோடு போகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் மண்ணில் பெரிதாகக் கட்டப்பட்டதும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை ராஜேந்திரன் எழுப்பி ஏறக்குறைய 1000 ஆண்டு ஆகிறது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 13 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அங்குள்ள லிங்கத்துக்கு ஐப்பசிப் பௌர்ணமியன்று சுமார் 100 மூட்டை அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்கிறார்கள். சோறு மூடிய லிங்கத்தைப் பார்க்கக் கூட்டம் நெரியும். நான் பார்ப்பது வெளியே, வரிசையில் இலையை நீட்டி ஒரு பிடி சோறு வாங்கி, அதிலும் நாலு பருக்கையை எடுத்து இடுப்புக் குழந்தையின் வாயில் வைக்கிற தாயை. கங்கை வரை படை அனுப்பிய அரசனின் கோயில், கடைசியில் அந்த நாலு பருக்கையாகத்தான் அவள் கைக்கு வருகிறது.

அப்பாயி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். மழை பொய்த்த வருஷத்திலும் அந்தப் பிடி குறையவில்லை; கைதான் கொஞ்சம் சிறுத்தது. சிறுவாச்சூர் மாவிளக்குக்கு அந்தப் பானை அரிசிதான்.

சிறுவாச்சூரில் அன்றைக்கு அந்தப் பெண்ணின் விளக்கும் எரிந்தது. சன்னதிக்கு முன்னால் வரிசையாக வைத்த மாவிளக்குகள் நடுவே, சற்றுக் கோணலாகப் பிடித்த உருண்டை அவளுடையது. விளக்கு அணைந்தது என்று எங்கள் ஊரில் சொல்ல மாட்டோம். மலையேறிச்சு என்போம். அம்மனும் மலையேறுகிறவள்தான். சுடர் தாழ்ந்து தாழ்ந்து நெய்யில் அமிழும் வரை அந்தக் குடும்பம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு திரியை எடுத்துவிட்டு மாவைப் பிட்டார்கள். திரி எரிந்த குழியில் நெய் ஊறி, லேசாகக் கருகி, வெல்லம் பாகாகி ஒட்டியிருக்கும். மாவிளக்கிலேயே ருசியான இடம் அது. சின்ன வயதில் அதற்காக நானும் என் தங்கையும் அடித்துக்கொள்வோம். அப்பாயி நகத்தால் சரிபாதியாகக் கிள்ளித் தருவாள்.

அந்தப் பெண் அந்தக் குழியை அப்படியே பெயர்த்தெடுத்து, உலக்கை பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அம்மாவின் கையில் வைத்தாள்.